காலெடுத்தால் அணைகிற வண்டி

அம்மா,

இன்றைக்கு வேதியியல் ஆய்வகத்தில் அசிட்டோன் பாட்டிலைத் திறந்தார்கள். நான் பின்வரிசையில் குடுவை கழுவிக்கொண்டிருந்தேன். வாசனை வந்ததும் கை நின்றுவிட்டது. கொஞ்சம் இனிப்பாக வந்து, மூக்குக்குள் குளிர்ந்து, பிறகு நெற்றியைப் பிடிக்கும் வாசனை. நம் காரின் வால்வுக்கு நாம் அடித்த ஸ்ப்ரேயும் இப்படித்தான் இருக்கும். தலை சுற்றுகிறது என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். தலை சுற்றவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். நீ போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. எவ்வளவு தூங்கினாலும் இந்தக் களைப்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது.

உன்னிடம் வாயால் சொல்லாத ஒன்று இருக்கிறது. அதை எழுத வேண்டும். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். நடுவில் தொடங்கினால் என்னால் கடைசிவரை போக முடியாது.

குவைத்தில் ஆறு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு நீ நம் ஊர் இனயத்துக்குத் திரும்பியபோது எனக்குப் பத்து வயது. அங்கேயே கார் ஓட்டப் படித்திருந்தாய். வந்த வருடமே இங்கும் லைசென்ஸ் எடுத்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினாய். கருங்கலில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குத் தினமும் அதில்தான் போனாய். நம் தெருவில் கார் ஓட்டிய பெண் நீ ஒருத்திதான். கடற்கரையிலிருந்து ஏறி வரும் ஆண்கள் வழிவிட்டு நிற்பார்கள். நீ கடந்ததும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். கண்ணாடியில் அது உனக்குத் தெரியும். "சிரிக்கட்டு. இவனுவ பெண்டாட்டிமாருக்கு வலி வந்தா எனக்க வண்டியிலதான ஏத்தணும்" என்பாய். அப்படித்தான் நடந்தது. மூன்று பிள்ளைகள் பிறக்கப் போனது நம் காரில்தான்.

நான் பத்தாம் வகுப்புக்கு வந்த வருடம் உன் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது. திருவனந்தபுரத்தில் ஆப்பரேஷன். அதற்குப் பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அங்கேயே போய் மருந்து ஏற்ற வேண்டும். அப்பா பக்ரைனில் மீன்பிடி போட்டில் இருந்தார். வாடகை கார் வைத்துக்கொண்டு போகச் சொல்லி போன் செய்தார். "நீங்க அங்க போட்டப் பாருங்க. இங்க வண்டிய நான் பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டாய். பிறகு என் பக்கம் திரும்பி, யாரும் கேட்காமலே சொன்னாய்.

"நானே ஓட்டிட்டுப் போனா நான் நர்ஸ். இன்னொருத்தன் ஏத்திட்டுப் போனா நான் பேஷண்ட். மனசிலாச்சா?"

ஆச்சு என்றேன். உண்மையிலேயே ஆகியிருந்தது. வார்டுக்குள் சாவிக்கொத்தை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டு நீ நுழையும்போது, புதிதாக வந்த நர்ஸுகள் உன்னை டூட்டிக்கு வந்தவள் என்றே நினைப்பார்கள். கட்டில் எண்ணைச் சொன்னபிறகுதான் அவர்கள் முகம் மாறும். அந்தச் சில நிமிடங்களுக்காகவே நீ அறுபது கிலோமீட்டர் ஓட்டினாய் என்று இப்போது தோன்றுகிறது. மருந்து ஏறிய அன்றைக்கு ஒன்றும் செய்யாது, மறுநாள்தான் விழத்தட்டும் என்று சொல்லி, திரும்பி வரும்போதும் நீயே ஓட்டுவாய். பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பைலும் தண்ணீர் பாட்டிலும் ரொட்டியுமாக நான் பக்கத்தில் இருப்பேன்.

மூன்றாவது தடவை போய்வரும்போது வண்டி அணையத் தொடங்கியது. ஓடும்போது ஒன்றுமில்லை. மார்த்தாண்டம் நெரிசலில் நீ ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாய். என்ஜின் நடுங்கியது, என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் மெல்ல இறங்கியது, அணைந்துவிட்டது. மறுபடி எடுத்தாய். அடுத்த நெரிசலில் மறுபடி அணைந்தது. அதன்பிறகு வலது காலைக் குறுக்கே வைத்து, விரலால் பிரேக்கையும் குதிகாலால் ஆக்சிலரேட்டரையும் மிதித்துக்கொண்டே வீடுவரை வந்தாய். இறங்கியபோது உன் தொடை ஆடிக்கொண்டிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாய்.

கருங்கல் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "ஐடில் வால்வுல கரி. நாலு நாள் வண்டிய இங்க விடுங்க" என்றார். அடுத்த வாரம் முழுக்க உனக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று அலைச்சல் இருந்தது. விட மனமில்லாமல், அது எங்கே இருக்கிறது என்றாவது காட்டச் சொல்லிக் கேட்டாய். "உள்ள இரிக்கு" என்று போனட் முழுவதையும் கையால் சுற்றிக் காட்டினார். அதனால் நான் நெட் சென்டருக்குப் போய்ப் பதினோரு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். பஸ்ஸில் வரும்போதே வாசித்து, தெரியாத சொற்களுக்கு மேலே பென்சிலால் பொருள் எழுதினேன். சொன்னால் நீ சிரிப்பாய்: அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த வருடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன். இப்போது செய்வதற்கு ஒன்று கிடைத்திருந்தது.

காலை எடுத்தால் என்ஜினுக்குக் காற்று போகிற கதவு மூடிக்கொள்ளும். அப்போதும் என்ஜின் அணையாமல் இருக்க, பக்கத்தில் ஒரு சின்னத் துளை வழியாகக் கொஞ்சம் காற்று போகும். அதை எவ்வளவு விடுவது என்று பார்த்துக்கொள்வது அந்த வால்வு. அதில் கரி அடைத்தால் நிற்கிற வண்டி மூச்சுமுட்டி அணையும். இதை வாசித்துச் சொன்னதும், "அப்ப இதுக்கு ஆஸ்துமா" என்றாய்.

சனிக்கிழமை காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைக் காரின் முன்னால் போட்டு, தலையில் ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். உன் விரல் நுனிகள் மரத்திருந்தன. சின்ன ஸ்குரூ பிடிக்க வரவில்லை. அதனால் கை என்னுடையது. நீ பழைய பெட்டியிலிருந்து ஆப்பரேஷன் கையுறை எடுத்துத் தந்தாய். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். காற்று போகும் ரப்பர் குழாயைக் கழற்றினேன். பிரிண்டில் இருந்த படம் வேறு ஏதோ காருடையது. அதில் வால்வு மேலேயே இருந்தது. நம் வண்டியில் மேலே ஒன்றுமில்லை. பக்கவாட்டில் இரண்டு ஸ்குரூவோடு ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. இதுதான் என்று ஒரு ஸ்குரூவைத் தளர்த்திவிட்டேன்.

"மறுபடி வாசி" என்றாய்.

"இதேதாம்மா."

"வாசிடி. நோயாளிய மேசையில போட்டபிறவு எந்தக் கிட்னி எண்ணு கேக்கப்பிடாது."

வாசித்தேன். வால்வுக்குப் போவது நான்கு வயர். நான் கழற்றவிருந்ததற்குப் போனது மூன்று. அது வேறு சென்சார். தளர்த்திய ஸ்குரூவை இருந்த இடத்திலேயே முறுக்கினேன். முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னாய். அதைக் கீழே நீட்டி, டார்ச் அடித்துப் பார்த்தபோது கதவுப் பெட்டியின் அடியில், என்ஜினுக்கும் தடுப்புத் தகட்டுக்கும் நடுவே, கட்டைவிரல் அளவில் அது இருந்தது. நான்கு வயர். நான் கத்திவிட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து மாமா எட்டிப் பார்த்தார்.

மாமா, உன் தம்பி, அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. உப்பேறிப் பிடித்திருந்த ஸ்குரூக்களுக்கு மண்ணெண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டிக் கொடுத்தார். "அக்கா, வலைக்காரன் வீட்டுல பொறந்துட்டு இதுக்கு என்னத்துக்கு பதினோரு பேப்பரு? எனக்க வள்ளத்து என்ஜினு இந்தக் காருக்குத் தகப்பன். அதுக்கு ஒரு பேப்பரும் இல்ல."

"அதான்லே ஒனக்க என்ஜினு மாசத்துக்கு ரெண்டுவாட்டி நடுக்கடல்ல நிக்குது" என்றாய். மாமா சுத்தியலை வைத்துவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார்.

வால்வின் முனை மீன்சட்டியின் அடி மாதிரி கறுத்திருந்தது. முனையைப் பிடித்து இழுக்கவோ அழுத்தவோ கூடாது என்று பேப்பரில் இருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஸ்ப்ரே அடித்து, காது குடையும் பஞ்சால் துளைக்குள்ளும் துடைத்தேன். பஞ்சைக் கணக்கு வைத்தாய் நீ. உள்ளே போனது ஒன்பது, வெளியே வந்தது ஒன்பது என்று சரிபார்த்த பிறகுதான் மூட விட்டாய்.

மூடுவதற்கு முன்னால், நீ தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்த நேரத்தில், நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். நம் கரையில் இரும்பைத் துடைத்தால் எண்ணெய் போடாமல் விடமாட்டோம். மாமாவின் என்ஜின் கடலிலிருந்து வந்ததும் நல்ல வெள்ளம், உப்பில்லாத தண்ணீர், ஊற்றிக் கழுவி, சாயங்காலத்துக்குள் எண்ணெய் தடவிவிட வேண்டும். இல்லாவிட்டால் உப்புக்காற்று தின்றுவிடும். சின்ன வயதிலிருந்து அந்தத் துணி என் கையில்தான் இருக்கும். கை அதையே செய்தது. மாமாவின் எண்ணெய்த் துணியால் வால்வை நன்றாக, பளபளவென்று துடைத்துப் பூட்டினேன்.

வண்டி பூனைபோல நின்றது. நாடி பார்ப்பதுபோல உன் வாட்சைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் முள்ளையே பார்த்தாய். தொள்ளாயிரத்தில் அசையாமல் இருந்தது. "டிஸ்சார்ஜ்" என்றாய். அன்றிலிருந்து ஒரு நோட்டுப் போட்டேன். எந்த இடத்தில் நின்றோம், முள் எங்கே இருந்தது, அணைந்ததா, எப்படி அணைந்தது.

பத்து நாள்தான். அதற்குள் மறுபடி மெல்ல இறங்கி, நடுங்கி, அணையத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் கரி எண்ணெயோடு சேர்ந்து பசையாகி, முன்பைவிட மோசமாக இருந்தது. நான் எண்ணெய் போட்டதைச் சொன்னேன்.

"எட்டி, ஆப்பரேஷன் பண்ணுன வயித்துல தேங்காண்ண தேச்சா தையல் போடுவ?"

சிரிக்கத் தொடங்கினாய். சிரித்து, இருமி, களைத்து, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாய். மாமா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "பிள்ளைக்க மேல தப்பில்ல. எண்ண போடாத்த இரும்பு இரும்பா?" என்று எனக்காகப் பேசினார். இரண்டாவது தடவை சுத்தம் செய்து, எண்ணெய் இல்லாமல், காயவைத்துப் பூட்டினேன். அது சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் அந்த வால்வில் குறை இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன் அம்மா. ஆனால் அப்போது எனக்குத் தெரியாது.

அடுத்த தடவை, களியக்காவிளை செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. நாமும் நின்றோம். திடீரென்று வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. என் நெற்றி டாஷ்போர்டில் இடித்தது. பின்னால் இருந்த லாரிக்காரன் ஆரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. பிறகு தலையை நீட்டி, "சேச்சி, வண்டி உறங்கியோ?" என்றான்.

"ஓ. நீ ஆரன் அடிச்சுத் தாலாட்டுன இல்லியா, அதான்" என்றாய். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

"வால்வாம்மா?"

நீ சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னாய்: "வால்வுதான். நீ செரியாத் தொடைக்கல்ல போல."

அதனால் மூன்றாவது தடவையும் கழற்றினேன். மறுநாள் அரையாண்டு அறிவியல் பரீட்சை. கையுறை தீர்ந்துபோயிருந்தது. ஸ்ப்ரே பட்டு விரல்களில் வெடிப்பு. வால்வைத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. திருப்பித் துடைத்தேன். அப்போதும் வெள்ளை. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீ நாற்காலியில் இருந்தபடி துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இன்னும் ஒருவாட்டி அடி, மக்கா" என்றாய்.

அடித்தேன்.

அதற்கடுத்த தடவை வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போது, டூட்டி நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். வாய்ப்புண் உண்டா, தூக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு, "சேச்சீ, காலில் மரவிப்பு உண்டோ?" என்றார். இந்த மருந்து சிலருக்கு விரலையும் பாதத்தையும் மரக்க வைக்கும் என்பது எனக்குத் தெரியும். உன் விரலைத்தான் பார்த்திருந்தேனே.

"இல்ல" என்றாய். உடனே, அவர் கேட்டு முடிப்பதற்குள்.

வெளியே வரும்போது உன் இடது செருப்பு லிஃப்ட் வாசலிலேயே கழன்று கிடந்தது. நீ நடந்துகொண்டே இருந்தாய். நான் ஓடிப்போய் எடுத்து வந்து, கீழே வைத்து, உன் காலை அதற்குள் தள்ளினேன். "ஏதோ ஓர்மையில நடந்துட்டேன்" என்றாய்.

அன்றைக்குத் திரும்பும்போதுதான் கருங்கல் சந்தை. கூட்டத்தில் நின்றோம். முன்னால் ஒரு மீன்காரம்மா தலைச்சுமையை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். நம் வண்டி குதித்தது. இந்தத் தடவை அணைவதற்கு முன் முன்னாலும் போனது. அவருடைய கூடைக்கும் நமக்கும் ஒரு சாண் இடைவெளி. அவர் கூடையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், உள்ளே உன்னைப் பார்த்தார்.

"ஏட்டி, மீனு வேணுமெண்ணா எறங்கி வந்து கேளு. கார அனுப்பாத."

சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, நீயும் சிரித்தாய். கால்கிலோ நெத்திலி வாங்கினாய். அந்த நேரம் கூடையைத் தூக்க அவர் குனிந்திருந்தால் என்று நான் நினைத்தேன். நீயும் அதைத்தான் நினைத்தாய். புதுக்கடைக்குத் திரும்பும் இடம்வரை இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து ஓட்டினாய்.

மறுநாள் நீ வாந்தியெடுத்துக் களைத்துப் படுத்திருந்தாய். நான் நோட்டைத் திறந்தேன். முதல் பக்கங்களில் எல்லாம் ஒரே மாதிரி: முள் மெதுவாக இறங்கியது, நடுங்கியது, அணைந்தது. கடைசி இரண்டு இடத்தில் மட்டும்: முள் தொள்ளாயிரத்தில் அசையாமல் இருந்தது, குதித்து அணைந்தது. மூச்சுமுட்டிச் சாகிற வண்டி குதிக்காது. கிளட்ச்சிலிருந்து கால் நழுவினால்தான் குதிக்கும். நான் பதினோரு பக்கமும் மனப்பாடமாகத் தெரிந்தவள். இது எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். வெள்ளைத் துணியைப் பார்த்தபோதாவது தெரிந்திருக்க வேண்டும்.

உன் காலுக்கு மிதிப்பது தெரியவில்லை. அது உனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தே என்னை வால்வைத் துடைக்க வைத்தாய்.

கோபம் வந்தது. வந்த வேகத்தில் களைத்தும் போனது. உன்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நர்ஸிடம் சொன்ன அதே "இல்ல"வைச் சொல்வாய். அதற்குமேல் நான் என்ன கேட்பது? அப்பாவிடம் போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை நினைத்தேன். அவர் அங்கிருந்து கத்துவார், நீ இங்கிருந்து வைத்துவிடுவாய். மாமாவிடம் சொன்னால் கரை முழுக்கத் தெரியும். மூன்று வாரம் இப்படியே போனது. பாயில் கால்களை நீட்டிப் படுத்திருக்கும் உன்னைப் பார்ப்பேன். உள்ளங்காலில் ஈ உட்கார்ந்து நடக்கும். நீ காலை அசைக்கமாட்டாய்.

போகவேண்டிய நாளுக்கு முந்தின மாலை நீ கூப்பிட்டாய். "மக்கா, நாளைக்கு ஓட்டணும். அந்த வால்வ ஒருவாட்டி பாத்துரு."

"செரிம்மா" என்றேன்.

வெளிச்சம் இருக்கும்போதே போனட்டைத் திறந்தேன். வால்வைத் தொடவில்லை. ரப்பர் குழாயை மட்டும் கழற்றினேன். காற்றுக் கதவின் விளிம்பில் அந்தச் சின்னத் துளை தெரிந்தது. உன் மருந்துப் பெட்டியிலிருந்து, கையில் ஊசி அசையாமலிருக்க ஒட்டுகிற பிளாஸ்டரை எடுத்து வந்திருந்தேன். ஒரு துண்டு வெட்டி, நீ வெட்டுவதுபோல மூலைகளை வளைத்து, துளையின்மேல் ஒட்டி விரலால் அழுத்தினேன். குழாயைப் பூட்டினேன். வண்டியைக் கெடுத்தது நான்தான் அம்மா. இதைத்தான் உன்னிடம் சொல்லவில்லை.

காலையில் நீ ஸ்கார்ஃபைக் கட்டி, சாவியோடு ஏறினாய். வண்டி எடுத்தது. காலை எடுத்ததும் அணைந்தது. மறுபடி எடுத்தாய், மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பவில்லை. கையை ஸ்டீயரிங்கில் வைத்தபடி இருந்தாய். நான் பைலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வால்வா?" என்றாய்.

"வால்வுதான்" என்றேன். "நான் செரியாத் தொடைக்கல்ல போல."

நீ என் பக்கம் திரும்பினாய். நான் திரும்பவில்லை. மாமா மதிலருகே பல் துலக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியை இறக்கி, "லே, கோயில் முக்குல கார் நிக்குதா பாரு. வரச் சொல்லு" என்றாய். மாமா துப்பிவிட்டு ஓடினார். நீ சாவியை எடுத்து, கொஞ்சநேரம் கையில் வைத்திருந்து, என் மடியிலிருந்த பைலின்மேல் வைத்தாய்.

வாடகைக் காரில் முன்சீட்டில்தான் ஏறினாய். டிரைவருக்கு வழி சொன்னாய், கியர் மாற்றச் சொன்னாய், பிரேக் பிடிக்கிற இடத்திலெல்லாம் உன் வலது கால் தரையை மிதித்தது. வார்டில் நுழையும்போது உன் கையில் சாவி இல்லை. வாசலில் இருந்த புதிய நர்ஸ் உன்னைப் பார்த்ததும் ஒரு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு வந்தார். நீ வேண்டாம் என்று சொல்லவில்லை, உட்கார்ந்தாய். அந்தச் சத்தம், சக்கரம் தரையில் உருளும் சத்தம், எனக்கு இப்போதும் கேட்கிறது. நான் உன்னிடமிருந்து எதை எடுத்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். செய்தது சரி என்பதும் தெரியும். சரி என்று தெரிவதால் ஒன்றும் லேசாகவில்லை.

ஒரு வாரம் கழித்து, கொஞ்சம் தெம்பு வந்த ஒரு காலையில், நாற்காலியைக் காரின் முன்னால் நீயே இழுத்துப் போட்டாய். "அந்த ரப்பர் குழாயக் கழத்து" என்றாய். வால்வை அல்ல. நான் கழற்றினேன். எழுந்து வந்து குனிந்து பார்த்தாய். பிளாஸ்டர் கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அடி விழும் என்று நினைத்தேன். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"மூலைய நல்லா வளைச்சு வெட்டியிருக்க" என்றாய்.

நான் பிளாஸ்டரைப் பிய்க்கக் கை நீட்டினேன்.

"இரிக்கட்டு. எடுக்காண்டாம்."

அதற்குமேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை. மருந்து ஏற்ற இன்னும் ஒரு தடவைதான் போக வேண்டியிருந்தது. உள்ளுக்குள் நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அப்பா வந்தார், எல்லாம் முடிந்தது, வண்டியை விற்றார். வாங்கிப் போனவர் பிளாஸ்டரைப் பார்த்து என்ன நினைத்தாரோ.

அந்தக் கடைசித் தடவையைச் சொல்லி முடிக்கிறேன். போகும்போது முன்சீட்டில் இருந்தாய். திரும்பும்போது, டிரைவர் அண்ணன் முன்கதவைத் திறந்து பிடித்திருக்க, "நான் பின்னால இரிக்கேன் மக்கா" என்று அவரிடம் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். பாறசாலை தாண்டியதும் உன் தலை என் இடது தோளில் சாய்ந்தது. நீ வண்டியில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் நீதானே ஓட்டுவாய். வாய் லேசாகத் திறந்திருந்தது. களியக்காவிளை வரிசையில் ஆரன்கள் அலறின, நீ விழிக்கவில்லை. கருங்கலில் மழை வந்தது, விழிக்கவில்லை. நான் கண்ணாடியை மட்டும் மெல்ல ஏற்றினேன், தோளை அசைக்கவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. டிரைவர் அண்ணன் திரும்பி, சாவியில் கை வைத்து, "அணைக்கட்டா பிள்ளே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்ணா. சத்தம் நின்னா முழிச்சிரும். கொஞ்சம் ஓடட்டு."

அவர் கையை எடுத்துக்கொண்டார். நின்ற இடத்திலேயே வண்டி ஒரே சீராக ஓடியது. மாமா குடையோடு வந்து, ஜன்னலுக்குள் பார்த்துவிட்டு, மழையிலேயே நின்றார். நீ தூங்கினாய். என் தோள் மரத்துப்போய், பிறகு வலித்து, பிறகு அது என்னுடையதுதானா என்றே தெரியாமல் போனது. உன் தலை இன்னும் அங்கேதான் இருக்கிறது அம்மா. இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.